கிராமத்தில் வீடில்லாமல் போனால் யாரிடம் போவது?

வீடற்றவர் என்று சொன்னதும் உங்கள் மனத்தில் என்ன படம் வருகிறது? கோலாலம்பூரில் அஞ்சடியில் அட்டை விரித்துப் படுத்திருக்கும் ஒருவர். ராத்திரி வேனில் சாப்பாடு கொண்டுவரும் தொண்டூழியர்கள். சரிதானே?

தோட்டப்புறத்திலும் கம்போங்கிலும் அந்தப் படம் கிடைக்காது. அங்கே வீடில்லாதவர் கண்ணில் படுவதே அபூர்வம். தங்கச்சி வீட்டு வரவேற்பறையில் பாய் போட்டுப் படுத்திருப்பார். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருப்பார். ஆள் இல்லாத பழைய லயத்தில், செம்பனைக்காட்டு ஓரத்துக் கொட்டகையில், ஓடாத காரில்கூட இருப்பார். “எங்க இருக்கீங்க?” என்று கேட்டால் “மகன் வீட்டுல” என்றுதான் பதில் வரும். மகன் வீட்டில் எத்தனை நாள் இடம் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

கண்ணில் படாதவருக்கு உதவி போய்ச் சேர்வது எப்படி? இதுதான் சிக்கலின் தொடக்கம்.

வேலை போனால் வீடும் போகும்

நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே தோட்டத்து வீடு தோட்டத்து வேலையோடு ஒட்டியது. தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம் உண்டா என்பதையெல்லாம் சொல்ல 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டைச் சொந்தமாக்கிக் கொடுப்பது அந்தச் சட்டத்தின் வேலை இல்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

தோட்டமே கைமாறினால்? புத்ராஜெயா இருக்கும் இடம் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். 1990களில் புதிய நிர்வாகத் தலைநகர் எழும்பியபோது அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த சுமார் 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாறின. சுவரில் விரிசல் விழுந்த அந்த வீடுகளைப் பற்றிய செய்திகளை உங்கள் பெற்றோர் படித்திருப்பார்கள். அவர்களுக்காவது ஒரு கட்டடம் கிடைத்தது. அரசாங்கத் திட்டம் எதுவும் இல்லாமல் சத்தமில்லாமல் விற்கப்பட்ட சிறு தோட்டங்களின் ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள்.

ஓர் ஆளுக்கு எத்தனை கதவு?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 63. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. இனிப்பு நீர் இருக்கிறது. இப்போது தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறார்.

மாத உதவித்தொகைக்கு அவர் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போக வேண்டும். வருமானம் இல்லாத, பார்த்துக்கொள்ள ஆளில்லாத மூத்தோருக்கான உதவி 2025இல் மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. வீடு வேண்டுமென்றால் அது வேறு கதவு. கிராமப்புற ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் பிபிஆர்டி திட்டம் கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருகிறது. அதற்கு இ-காசிஹ் வறுமைப் பதிவில் பெயர் இருக்க வேண்டும். கூடவே சொந்த நிலமோ நிலக்காரரின் சம்மதமோ வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு ஏது நிலம்? நிலம் கேட்டால் நில அலுவலகம், அது மாநில அரசு. அடையாள அட்டையில் முகவரி மாற்றப் பதிவிலாகா. மருந்துக்கு கிளினிக். ஒவ்வொன்றும் ஒரு டவுனில், பஸ்ஸோ நாளுக்கு இரண்டு தடவை.

யாரோ சோம்பேறித்தனமாக இருப்பதால் மட்டும் இப்படி ஆகவில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. சமூகநலனும் வீடமைப்பும் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு. ஸக்காட் மாநில இஸ்லாமிய மன்றங்களுக்கு, அது முஸ்லிம்களுக்கானது. கோயில்களும் தொண்டு அமைப்புகளும் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆனால் முதலில் சோறு போடுவது பெரும்பாலும் அவைதான்.

அலுவலகங்கள் தங்களுக்குள் தகவல் பகிரக்கூடாதா? பகிரலாம். 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் அதற்காகத்தான். ஆனால் அது மத்திய அரசு அமைப்புகளுக்கு இடையிலானது. நம் 63 வயது அம்மாவின் கதையில் பாதிக் கதவுகள் அதற்கு வெளியே நிற்கின்றன.

ஒரு பழைய சட்டம்

வீடற்றோர் விவகாரத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பொது இடத்தில் பிச்சை எடுப்பவர், அல்லது பிழைப்புக்கோ தங்குவதற்கோ வழியில்லாமல் பொது இடத்தில் இருப்பவர் இதன் கீழ் வருவார். சமூகநல அதிகாரி அவரை அழைத்துச் செல்லலாம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் அதிகபட்சம் மூன்று ஆண்டு நல இல்லத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து ஓடினால் சிறைத்தண்டனைகூட உண்டு.

“பொது இடம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். இது தெருவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். உறவினர் வீட்டு மூலையில் இருப்பவர் இதில் வரமாட்டார். இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் ஆட்களைத் தங்கவைக்கும் டேசா பினா டிரி இல்லங்கள் ஜெராண்டுட், மெர்சிங் போன்ற இடங்களில் இருக்கின்றன. வீடற்றோர் தாமாகப் போய்த் தங்கும் அஞ்சுங் சிங்கா 2011இல் கோலாலம்பூரில் தொடங்கி, ஜோகூர் பாரு, கூச்சிங் என்று பெருநகரங்களுக்குத்தான் போனது. நகரத்து ஆள் கிராமத்துக்கு அனுப்பப்படுகிறார், கிராமத்து ஆள் நகரத்துக்கு பஸ் ஏறுகிறார்.

வேறு எங்காவது இதைச் சமாளிக்கிறார்களா?

அமெரிக்காவில் ஒரு முறை இருக்கிறது. பெருநகரங்கள் தனித்தனியாக உதவிகளை ஒருங்கிணைக்கும். மீதமுள்ள கிராம மாவட்டங்களைப் பல மாநிலங்கள் ஒன்றாகக் கட்டி ஒரே அமைப்பின் கீழ் வைக்கின்றன. அதன் அதிகாரபூர்வப் பெயரே “மாநிலத்தின் எஞ்சிய பகுதி” என்பதுதான்! பெயர் கொஞ்சம் பாவம், ஆனால் யோசனை நல்லது. எந்தக் கதவைத் தட்டினாலும் கேள்விகள் ஒன்றே, போய்ச் சேரும் பட்டியலும் ஒன்றே. முதலில் வந்தவருக்கு முதலில் என்று கிடையாது. நிலைமை மோசமாக இருப்பவருக்கு முதலில். மத்திய நிதி பெறும் வட்டாரங்கள் எல்லாம் 2018 ஜனவரிக்குள் இதற்கு மாற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

அங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஜனவரிக் கடைசியில் ஓர் இரவைக் குறித்து வீடற்றோரை எண்ணுகிறார்கள். காட்டோரம் காரில் தூங்குபவரை யார் போய் எண்ணுவது? உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர் அந்தக் கணக்கில் சேரவே மாட்டார். ஆனால் அங்குள்ள பள்ளிகளுக்கான சட்டம் அப்படி ஒண்டியிருக்கும் பிள்ளைகளையும் வீடற்றவர் என்றே ஏற்கிறது. ஒரே நாடு, இரண்டு விளக்கம். விளக்கம் மாறினால் எண்ணிக்கை மாறும், எண்ணிக்கை மாறினால் பணம் மாறும்.

நம் கிராமங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பட்டியலில் பெயர் ஏறினால் மறுநாள் கடைத்தெருவில் பேச்சு. வெட்கப்பட்டே உதவி கேட்காதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே யாரிடம் எதைச் சொல்லலாம் என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு முடிவு செய்வது முக்கியம்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால்?

முதலில் அவரிடமே பேசுங்கள். அவர் சம்மதித்தால் தாலியான் காசிஹ் 15999 எண்ணுக்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். கம்போங் பெயர், தோட்டப் பெயர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல தோட்டங்களுக்கு கூகல் மேப் உதவாது.

அடையாள அட்டை கையில் இருக்கிறதா, முகவரி சரிதானா என்று பாருங்கள். இடம் மாறினால் 30 நாளுக்குள் பதிவிலாகாவில் மாற்ற வேண்டும். வேலை பார்த்த காலத்துச் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப்., சொக்சோ தாள்கள் இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இ-காசிஹ் பதிவில் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். கம்போங்காக இருந்தால் பெங்ஹுலுவிடமும் சொல்லி வையுங்கள். யார் எங்கே ஒண்டியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அலுவலகத்துக்குப் போகும்போது முடிந்தால் கூடவே போங்கள். மலாய்ப் பாரம் நிரப்புவது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அவர் அதற்காகவே இரண்டு தடவை திரும்பி வந்திருப்பார்.