ஊசிக்கு முன்னால்...

போன மாசம் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சாதத்தைக் குறைங்க, தினமும் நடங்க. மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் அடங்கலைன்னா இன்சுலின்தான்"னு சொல்லிட்டார். அன்னிலேருந்து ஒரே வைராக்கியம், எப்படியாவது ஊசியைத் தள்ளிப்போடணும்! காலையில ரெண்டே இட்லி, சாயங்காலம் பார்க்குல எட்டு சுத்து. நடக்கும்போதுதான் ஒரு கேள்வி வந்தது. இன்சுலினே இல்லாத காலத்துல சர்க்கரை வியாதிக்காரங்க என்னதான் பண்ணாங்க? தேடிப் படிச்சேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1797-ல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், கேப்டன் மெரிடித் என்ற நோயாளியைப் பற்றி எழுதினார். தானியத்தை நிறுத்தி, மாமிசம், கொழுப்பு, பால் என்று கொடுத்ததில் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. ஆக, மாவுச்சத்தைக் குறைக்கிற வைத்தியம் ஒண்ணும் நேத்து வந்த ஃபேஷன் இல்லை!

அடுத்து பாரிஸ். 1870 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் நகரத்தைச் சுற்றி வளைத்தன. நாலு மாசத்துக்கு மேல முற்றுகை. ரொட்டிக்கே பஞ்சம். அப்போது அப்போலினேர் பூஷார்தா என்ற மருத்துவர் கவனிச்ச விஷயம் விநோதமானது. ஊரே பசியில் வாட, அவருடைய சில சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போயிருந்தது. கம்மியா சாப்பிடு, மாவுப் பண்டத்தைக் குறை, உடம்பு வேர்க்க வேலை செய் என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம். நம்ம டாக்டர் சொன்னதும் அதேதானே?

ஆனா இதுக்கப்புறம் கதை கனமாகுது. 1914 வாக்கில் நியூயார்க்கில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் இந்த வழியை அதன் எல்லைக்கே கொண்டு போனார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை பட்டினி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு. காய்கறியைக்கூட மூணு தடவை வேகவைத்து, தண்ணியைக் கொட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவரிடம் இருந்த ஒரு பார்வையிழந்த பையன், பசி தாங்காமல் பற்பசையையும் கூண்டுப் பறவையின் தீனியையும் எடுத்துத் தின்றானாம். படிச்சதும் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். சிலர் நோயில் சாகாமல் பட்டினியிலேயே செத்தார்கள்.

1919-ல் எலிசபெத் ஹியூஸ் என்ற பதினோரு வயசுப் பெண் ஆலனிடம் வந்தாள். அப்பா சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ், பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர். மூணு வருஷம் அளந்து அளந்து சாப்பிட்டாள். 1922 ஆகஸ்டில் டொரண்டோ போய்ச் சேர்ந்தபோது அவள் எடை சுமார் 20 கிலோதான். அதே வருஷம் ஜனவரியில்தான் அங்கே லெனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். எலிசபெத்துக்கு பாண்டிங்கே ஊசி போட்டார். அவள் தேறினாள், கல்யாணம் பண்ணிக்கொண்டாள், பிள்ளைகள் பெற்றாள். 1981 வரை வாழ்ந்தாள்.

இங்கேதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நான் ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்துறேன். அந்தப் பொண்ணு, ஒரு மருந்து வராதான்னு நாளைக் கடத்தினா.

அவளுக்கு வந்தது இன்னிக்கு நாம டைப் 1 என்று சொல்கிற வகை. அதில் இன்சுலினைத் தள்ளிப்போடவே கூடாது. என்னுடையது டைப் 2. 1936-ல் ஹிம்ஸ்வொர்த் இந்த ரெண்டையும் பிரித்துக் காட்டினார். டைப் 2-ல் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் நிச்சயமா பலன் தரும்; பலருக்கு ஊசி தேவைப்படாமலே போகலாம். சில பேருக்கு வருஷம் போகப்போக கணையமே களைச்சுப்போகும். அப்ப ஊசி போட்டுக்கிறது தோல்வி ஆகாது.

ரெண்டு இட்லியும் எட்டு சுத்தும் தொடருது. மூணு மாசம் கழிச்சு டாக்டர் ஊசின்னு சொன்னா, மறுபேச்சு பேசாம கையை... இல்லை, வயித்தை நீட்டிடுவேன்!