கஅபாவில் தொங்கிய ஏடும் கறையானும்

கறையானுக்கு அரபியில் ‘அரளா’ என்று பெயர். நிலத்தைக் குறிக்கும் ‘அர்ள்’ என்னும் சொல்லின் வேர் எழுத்துகளே இதற்கும் உரியவை. மண்ணுக்குள் குடியிருந்து, மண்ணையே குழாயாகக் கட்டிக்கொண்டு சுவரில் ஏறும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

திருக்குர்ஆனில் ஸபஉ அத்தியாயத்தின் 14ஆம் வசனம் சுலைமான் நபி (அலை) அவர்களின் மரணத்தைக் கூறுகிறது. கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே அவர்களின் உயிர் பிரிந்தது. அதனை அறியாத ஜின்கள் உழைத்துக்கொண்டே இருந்தன. நிலத்தின் ஓர் உயிரினம் தடியை அரித்து, உடல் சாய்ந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. அந்த உயிரினம் கறையானே என்பது விரிவுரையாளர்களின் கருத்து.

நபி (ஸல்) அவர்களின் வரலாற்றிலும் கறையான் வருகிறது. நுபுவ்வத்தின் 7ஆம் ஆண்டில் மக்காவின் குறைஷித் தலைவர்கள் ஓர் ஒப்பந்தம் எழுதினர். பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் குடும்பத்தாருடன் திருமண உறவு கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஏடு கஅபாவினுள் தொங்கவிடப்பட்டது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் அக்குடும்பங்கள் அபூதாலிப் கணவாயில் பட்டினியில் வாடின. பிள்ளைகள் பசியால் அழும் ஓசை கணவாய்க்கு வெளியே கேட்டது.

கறையான் ஏட்டை அரித்தது, ஒப்பந்தம் முறிந்தது என்று பயான்களில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முன்பே மனிதர்கள் அசைந்திருந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். ஹிஷாம் பின் அம்ர் இரவில் ஒட்டகத்தில் உணவேற்றி, கணவாயின் வாயிலில் மூக்கணாங்கயிற்றைக் கழற்றி, விலாவில் தட்டி உள்ளே அனுப்பிவிடுவார். பின்னர் அவர் ஸுஹைர், முத்இம் பின் அதீ, அபுல் பக்தரீ, ஸம்ஆ ஆகிய நால்வரையும் ஒவ்வொருவராகச் சந்தித்து இணங்க வைத்தார். ஐவரும் ஹஜூனில் இரவில் கூடி முடிவெடுத்தனர். மறுநாள் முத்இம் ஏட்டைக் கிழிக்க எழுந்தபோது, இறைவனின் பெயர் எழுதப்பட்ட இடத்தைத் தவிர மற்றவை அரிக்கப்பட்டிருந்தன என்பது இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பு. வேறு அறிவிப்புகளில் விவரங்கள் சற்று மாறுபடுகின்றன.

அநீதியின் ஏட்டை அரித்த அதே உயிர் நம் இல்ம் நூல்களையும் விட்டுவைப்பதில்லை. பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ ‘யா கபீகஜ்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். கபீகஜ் என்பது நச்சுத்தன்மை கொண்ட ஒரு செடியின் பெயர். பின்னாளில் அது பூச்சிகளின் அரசன் என்று கருதப்பட்டு, ஏட்டைக் காக்குமாறு அப்பெயரையே அழைத்தார்கள். செடியைத் தேடிய காலம் போய், பெயரைக் கூப்பிட்ட காலம் வந்தது! அந்த வாசகத்தின் மீதே துளை விழுந்த ஏடுகளும் உண்டு. தமிழகத்தார் ஓலைச்சுவடிகளுக்கு வேப்பிலையும் வசம்பும் வைத்தார்கள். அது பூச்சியைத் தடுக்க உண்மையாகவே ஓரளவு உதவும்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இன்னும் பல வீடுகளின் பரணிலும் மரப்பெட்டியிலும் கிடக்கின்றன. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் வளர்த்த எழுத்து மரபு அது. குடும்பம் வெளியூர் சென்று வீடு பூட்டிக் கிடக்கும்போது, மழைக்காலத்து ஈரச் சுவர் வழியே கறையான் ஏறிவிடுகிறது. திறந்து பார்க்கும்போது அட்டை முழுதாக இருக்கும். உள்ளே மண் இருக்கும். மறுபதிப்புக் காணாத கிதாபு என்றால் அதன் கதை அத்துடன் முடிந்தது.

சுவரில் தெரியும் மண்குழாயைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். அரசி மண்ணுக்குள் முட்டையிட்டுக்கொண்டிருக்க, குழாய் மீண்டும் எழும். ஒழுகும் குழாயையும் கூரையையும் முதலில் சரிசெய்ய வேண்டும். ஈரமின்றி இவ்வகைக் கறையான் நிலைக்காது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். முற்காலத்தில் அஸ்திவாரத்தில் ஊற்றிய ஆல்ட்ரின், குளோர்டேன் போன்ற நஞ்சுகள் 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டன. ஆகவே மருந்தடிக்கும் பணியாளரை அழைத்தால், எந்த மருந்து என்று கேட்டறிந்து, பிள்ளைகள் புழங்கும் இடத்தையும் கிணற்றையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

அரிக்கத் தொடங்கிய கிதாபைத் தனியே எடுத்து, வெயில் படாமல் காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, மிஞ்சிய பக்கங்களை அன்றே படம்பிடித்து வையுங்கள். பூட்டிய வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் இந்த மழைக்கு முன்பே பேசிவிடுங்கள்.