இயங்கியல் நடத்தைச் சிகிச்சை

இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்பது கடுமையான உணர்ச்சிகளைத் தாங்கவும் ஒழுங்குபடுத்தவும் தேவையான திறன்களைப் பயிற்றுவிக்கும் ஓர் உளச்சிகிச்சை முறை ஆகும். அமெரிக்க உளவியலாளர் மார்சா லினகன் இதனை உருவாக்கினார். தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் உடையவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இம்முறை, எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்கான முக்கிய சிகிச்சைகளுள் ஒன்றாகும். பின்னர் இது போதைப் பழக்கம், உண்ணல் கோளாறுகள், பதின்ம வயதினரின் உளச் சிக்கல்கள் ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது.

பெயர்க் காரணம்

எதிரெதிரான இரண்டு உண்மைகள் ஒன்றையொன்று அழிக்காமல் இணையக்கூடும் என்பது இயங்கியல் சிந்தனையின் அடிப்படை ஆகும். இச்சிகிச்சையில் அவ்விரண்டும் ஏற்பு, மாற்றம் என்பன. நோயாளி இப்போது உள்ள நிலையிலேயே ஏற்கப்படுகின்றார். அதே வேளையில் அவர் மாறவேண்டும் என்பதும் வலியுறுத்தப்படுகின்றது.

வரலாறு

மாற்றத்தை மட்டும் வலியுறுத்திய வழமையான நடத்தைச் சிகிச்சையை நோயாளிகள் தம்மீதான குற்றச்சாட்டாக உணர்ந்ததை லினகன் கவனித்தார். ஏற்பை மட்டும் காட்டியபோது தம் துன்பம் புறக்கணிக்கப்படுவதாக அவர்கள் கருதினர். எனவே நடத்தைச் சிகிச்சையுடன் சென் பௌத்தப் பயிற்சிகளிலிருந்து பெற்ற ஏற்புமுறைகளை அவர் இணைத்தார். முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991 இலும், சிகிச்சை நூல் 1993 இலும் வெளியாயின. 101 பெண்கள் பங்கேற்று 2006 இல் வெளியான ஆய்வில், பிற வல்லுநர்களிடம் சிகிச்சை பெற்றோருடன் ஒப்பிடுகையில் இச்சிகிச்சை பெற்றோர் தற்கொலைக்கு முயன்ற வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இளமையில் தாமும் இத்தகைய துன்பத்துக்காக மனநல மருத்துவமனையில் இருந்ததை லினகன் 2011 இல் வெளிப்படுத்தினார்.

கோட்பாடு

சிலருக்கு இயல்பிலேயே உணர்ச்சி விரைவில் எழுகின்றது. மிகுந்த வலிமையுடன் இருக்கின்றது. தணிய நெடுநேரம் ஆகின்றது. "இதற்கெல்லாமா அழுவது?" என்று அவ்வுணர்ச்சியை இடைவிடாது மறுக்கும் சூழலில் அவர்கள் வளரும்போது, உணர்ச்சியை இனங்காணவோ தணிக்கவோ கற்பதில்லை என்று இக்கோட்பாடு கூறுகின்றது.

திறன்கள்

முழுக்கவனம்: இந்தக் கணத்தில் நிகழ்வதை நல்லது, கெட்டது எனத் தீர்ப்பிடாமல் கவனித்தல். ஏனைய திறன்களுக்கு இதுவே அடிப்படை.

துன்பம் தாங்கல்: சிக்கலை உடனே தீர்க்க இயலாத வேளையில், அதனை மேலும் மோசமாக்காமல் அந்நேரத்தைக் கடப்பதே இதன் நோக்கம். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது சிந்தித்து முடிவெடுப்பது கடினம் என்பதால் உடல்வழி முறைகள் முதலில் பயன்படுத்தப்படுகின்றன. மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் அமிழ்த்தினால், நீரில் மூழ்கும் பாலூட்டிகளுக்குரிய அனிச்சைச் செயல் தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறைகின்றது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதனைச் செய்தல் கூடாது. வேகமான உடற்பயிற்சியும், உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டி மெதுவாக மூச்சு விடுதலும் பிற வழிகளாகும். உந்துதலுக்கு இணங்குவதன் நன்மை தீமைகளை அமைதியான நேரத்திலேயே எழுதி வைத்து, நெருக்கடியில் எடுத்துப் படிப்பதும் உண்டு. நடந்ததை நடந்ததாக முழுமையாக ஏற்றல் இப்பகுதியின் கடினமான திறன் ஆகும். ஏற்றல் என்பது நடந்தது சரி என்று ஒப்புதல் அன்று.

உணர்ச்சி ஒழுங்காக்கம்: முதலில் உணர்ச்சிக்குப் பெயரிடவேண்டும், பின்னர் அது உண்மை நிலைக்குப் பொருந்துகின்றதா என ஆராயவேண்டும். எடுத்துக்காட்டாக, பன்னிரண்டாம் வகுப்பில் எதிர்பார்த்த மதிப்பெண் பெறாத மாணவர் ஒருவர் "என் வாழ்க்கையே முடிந்துவிட்டது" என எண்ணலாம். மதிப்பெண் குறைந்தது உண்மை. வாழ்க்கை முடிந்தது என்பது விளக்கம் மட்டுமே. வருத்தம் பொருத்தமானது; யாரையும் முகம் பார்க்க இயலாத வெட்கம் பொருந்தாதது. பொருந்தாத உணர்ச்சி தூண்டுவதற்கு எதிராகச் செயல்படுதல் எதிர்ச்செயல் எனப்படும். இங்கு அறையைப் பூட்டிக்கொள்வதற்கு மாறாக வெளியே வந்து ஒருவரிடம் பேசுதல் எதிர்ச்செயல் ஆகும். உணர்ச்சி பொருத்தமானதாயின் சிக்கலைத் தீர்க்கும் வழி தேடப்படுகின்றது. போதிய உறக்கம், உணவு, நோய்க்கு மருத்துவம் ஆகியனவும் இப்பகுதியில் அடங்கும்.

இடையாள் திறன்: உறவையும் தன்மதிப்பையும் இழக்காமல் வேண்டியதைக் கேட்டலும், வேண்டாததை மறுத்தலும்.

நடைமுறை

முழுமையான சிகிச்சை தனிநபர் அமர்வு, குழுவாகத் திறன் கற்றல், இடைப்பட்ட நேரத்தில் தொலைபேசி வழிகாட்டல், சிகிச்சையாளர்களின் கலந்தாய்வுக் கூட்டம் ஆகிய நான்கு கூறுகளைக் கொண்டது. இது பொதுவாக ஓராண்டு வாரந்தோறும் நடைபெறுகின்றது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பலரும் நீண்ட காலமும் தேவைப்படுவது இதன் முக்கியக் குறையாகும்.

தமிழ்நாட்டில்

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர், வெள்ளிமலை போன்ற ஊர்களிலிருந்து வாரந்தோறும் மலையிறங்கிச் சிகிச்சைக்குச் செல்வது எளிதன்று. இத்தகைய இடங்களில் தொலைபேசிச் சேவைகள் முதல் உதவியாக அமையக்கூடும். இந்திய அரசின் டெலி மானஸ் சேவை (14416) 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இதில் தமிழிலும் பேசலாம். சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பு 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகின்றது.

மேற்கண்ட திறன்களைத் தனியே பழகுவது பயன் தரலாம் எனினும், தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு அது மருத்துவ உதவிக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்க

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை
எல்லைநிலை ஆளுமைக் கோளாறு
தற்கொலைத் தடுப்பு