இரும்புக்கை மாயாவியும் எங்கள் அண்ணனும்

முப்பத்து நான்கு வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் நான். பணி ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் பேசச் சொன்னபோது, "பிளக்குக்குள் விரலை விட்டால் உடம்பு மறைந்துவிடும் என்று பத்து வயதில் நம்பியவன் நான். அப்படிப்பட்டவனிடம் இந்த ஊர் லைனைக் கொடுத்து இத்தனை வருடம் தைரியமாகத் தூங்கியிருக்கிறீர்கள்" என்றேன். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

சிரித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு சிவகாசியில் இருந்து சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்த லூயிஸ் கிராண்டேல் என்பவனுக்கு ஒரு கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தியிருப்பார்கள். அவன் மேல் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவ்வளவுதான் சங்கதி. இதை நம்பித் தமிழ்நாட்டில் எத்தனை பையன்கள் ஸ்விட்ச் போர்டைத் தொட்டு அடி வாங்கினார்களோ! என் வயதுக்காரர்கள் கூடினால் குறைந்தது ஒருவராவது இந்தக் கதையைச் சொல்வார். எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் கிடையாது. அதனால் பிழைத்தேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிய ஒரே பையன் எங்கள் அண்ணன்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போவார். தீக்குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசையாக வைக்கும் வேலை. கட்டைக்கு இத்தனை பைசா என்று கூலி. அதில் அம்மாவிடம் கொடுத்தது போக மிஞ்சியதில் மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்று ஒன்று விடாமல் வாங்கினார். இவர்கள் மூவரையும் வாசகர்கள் இன்றைக்கும் மும்மூர்த்திகள் என்றுதான் சொல்கிறார்கள். 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'மஞ்சள் பூ மர்மம்' என்று பெயரைச் சொன்னாலே சிலருக்கு அந்தச் சாணித்தாள் வாசனை மூக்கில் ஏறும்.

அண்ணன் ஒவ்வொரு புத்தகத்திலும் உள் அட்டையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வரிசை எண் எழுதி வைப்பார், பச்சை மையில். பச்சை மை ஹெட்மாஸ்டருக்கும் பெரிய ஆபீஸருக்கும்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனாலேயே அந்த மையை எங்கோ தேடி வாங்கினார். அறுபத்து மூன்று வரை எண் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். வேப்பிலை போட்டு வைத்திருப்பார்.

1977இல் அண்ணன் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பர்க்காரரின் தராசில் அந்த அறுபத்து மூன்றையும் நான் ஏற்றினேன். மூன்று ரூபாய் சொச்சம் கிடைத்தது. ஒரு சினிமா, இரண்டு புரோட்டா. அடுத்த பொங்கலுக்கு வந்த அண்ணன் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு காமிக்ஸ் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. ஆனால் உலகத்தை விட்டுப் போகவில்லை. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. அப்போது நான் பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். பெட்டிக் கடையில் தொங்கிய அட்டைப்படங்களைப் பார்த்ததோடு சரி.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணன் பம்பாயை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். சர்க்கரை அவருடைய விழித்திரையைக் கெடுத்துவிட்டிருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டும் பேப்பர் எழுத்து தெரியவில்லை. பொழுது போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம், என் மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டைக் கொண்டுபோனேன். பழைய வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 'பாம்புத் தீவு' அதில் இருந்தது. ஒரு கட்டத்தை இரண்டு விரலால் விரித்து, திரை முழுக்கப் பெரிதாக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏல, இது மாயாவி கைல்லா" என்றார்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று நகர்த்துவது என் வேலை. எழுத்தை நான் வாசிப்பேன், படத்தை அவர் பார்ப்பார். கையடக்கப் புத்தகத்தில் பெருவிரல் அகலத்தில் பார்த்த படத்தை ஒரு சாண் அகலத்தில் பார்க்கும்போதுதான், வரைந்தவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிகிறது. சுவரில் விழும் நிழல், மழையில் நனைந்த கோட்டின் மடிப்பு, கை மட்டும் ஒரு கதவுப்பிடியைத் திருகும் படம். "இத யாரு வரைஞ்சா?" என்று அண்ணன் கேட்டார். ஐம்பது வருடமாக இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

தேடினேன். இந்த வயதில் தேடுவதற்கு நேரம் இருக்கிறது.

மாயாவி பிறந்தது லண்டனில். 'வேலியண்ட்' என்ற வார இதழின் முதல் இதழில், 1962 அக்டோபரில், 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில். முதலில் எழுதியவர் கென் பல்மர், விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆங்கிலேயர். பிறகு டாம் டல்லி எழுதினார். வரைந்தவரோ ஆங்கிலேயரே அல்ல. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர், பார்சிலோனாவில் 1919இல் பிறந்தவர். உடன்பிறந்தவர்களும் ஓவியர்களே. குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது. இதைச் சொன்னபோது அண்ணன், "நம்ம தெருவுல வீட்டோட கட்டை அடுக்குன மாதிரி" என்றார். பிளாஸ்கோ 1995இல் காலமானார். கோவில்பட்டியில் ஒரு பையன் அவர் படத்தைப் பச்சை மையில் எண் போட்டு வைத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நாங்கள் ஏன் அவர் பெயரை அறியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை வழக்கமாக அச்சிடுவதே இல்லை. அங்கத்துப் பையன்களுக்கே தெரியாது என்றால் சிவகாசியைக் குறை சொல்லி என்ன பயன்? இன்றைக்குப் பெயர்கள் தெரிகின்றன என்றால், கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லும் ரசிகர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு இணையத்தில் ஒருவருக்கொருவர் படங்களை அனுப்பி ஒப்பிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. சில மாயாவி கதைகளில் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை அவருக்கு ஆபத்து வந்துகொண்டே இருக்கும். உடனே நடந்ததையே இன்னொரு முறை சொல்வார்கள். எங்களுக்கு அது அலுப்பாக இருக்கும். மூலக் கதை வாரம் இரண்டு பக்கமாக வந்த தொடர். ஏழு நாள் கழித்துப் படிப்பவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டும், அடுத்த வாரமும் வாங்க வைக்க வேண்டும். இங்கே மொத்தமாக ஒரே புத்தகத்தில் படித்த நமக்கு அந்தத் தையல் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. மும்மூர்த்திகள் ஒன்றாக வந்து சேர்ந்ததற்கும் விடை கிடைத்தது. லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் 1967, 68இல் 'சூப்பர் லைப்ரரி' என்று கையடக்கமான புத்தகங்கள் போட்டது. அதில் மாயாவியும் உண்டு, ஜானி நீரோவும் உண்டு, லாரன்ஸ்-டேவிட்டின் மூலக் கதையும் உண்டு. பின்னாளில் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் அந்த வரிசைக்காரர்தான். நம் ஆட்கள் 'கூர்மண்டையர்' என்று செல்லமாகக் கூப்பிடும் அதே ஸ்பைடர். அவர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இதை நான் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. படத்தோடு காட்டியபிறகுதான் ஒத்துக்கொண்டார்.

லண்டனிலும் இந்தச் சாமான்களுக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. மூலப் படங்களில் எத்தனையோ தொலைந்து போயின. கம்பெனி கைமாறிக் கைமாறிக் கடைசியில், ஆக்ஸ்ஃபோர்டில் கம்ப்யூட்டர் கேம்ஸ் தயாரிக்கும் ரெபெல்லியன் என்ற நிறுவனம் 2016இலும் 2018இலும் இந்தப் பழைய இதழ்களின் உரிமையை வாங்கியது. அவர்கள் இப்போது மாயாவியையும் ஸ்பைடரையும் நல்ல தாளில் புத்தகமாகவும், திரையில் படிக்கிற பிரதியாகவும் வெளியிடுகிறார்கள். மூலப் படம் இல்லாத இடங்களில், அச்சான பழைய இதழையே தேடிப் பிடித்து ஸ்கேன் செய்து, கறையை நீக்கிக் கோட்டைத் தெளிவாக்கி எடுக்கிறார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் வைத்திருந்த பிரதிதான் கைகொடுக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நம் ஊர் ரசிகர்கள் செய்வதும் அதே வேலைதான், சம்பளம் இல்லாமல். பின்னைக் கழற்றி, தாளைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேனரில் வைத்து எடுப்பார்கள். படங்களை வரிசைப்படுத்தி ஜிப் கோப்பாக்கி, பெயரின் கடைசியில் 'சிபிஇசட்' என்று மாற்றினால் காமிக்ஸ் படிக்கும் செயலியில் புத்தகமாகவே திறக்கும். ஒருவர் எடுத்துக் காட்டினார். ஒரு புத்தகத்துக்கு ஒரு ராத்திரி போகிறது.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிவகாசியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ். விஜயன் அவர்கள் இன்னும் முத்துவையும் லயனையும் நடத்துகிறார். மும்மூர்த்திகளைப் பெரிய அளவில், நல்ல தாளில் மறுபதிப்பும் செய்திருக்கிறார். கடையில் கிடைக்கிற புத்தகத்தையே ஸ்கேன் பண்ணி ஊரெல்லாம் சுற்றவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. தான் ரசிக்கும் மரத்தையே வெட்டுகிற வேலை அது. எங்கும் கிடைக்காத பழைய பிரதி என்றால் வேறு. மறுபதிப்பு வந்த கதைகளை நான் காசு கொடுத்து வாங்கிவிடுகிறேன். அண்ணனால் அந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாது, தடவிப் பார்ப்பார். பிறகு டேப்லெட்டில் பார்ப்போம். பழைய பிரதிகளுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் போவதில்லை. அந்த விலையைக் கேட்டால் எனக்கு அந்த மூன்று ரூபாய் ஞாபகம் வரும்.

போன மாதம் ஒரு பழைய ஸ்கேன் வந்தது. மறுபதிப்பு அல்ல, அசல் எழுபதுகளின் பிரதி. முதல் பக்கத்தில் ஏதோ வாடகை நூல் நிலையத்தின் ரப்பர் ஸ்டாம்ப், ஓரத்தில் டீ வட்டம், யாரோ ஒரு பையன் பேனாவில் எழுதிய பெயரும் வகுப்பும். வழக்கம்போல் கதைக்குப் போக விரலைத் தள்ளினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு. உள் அட்டையக் காட்டு."

காட்டினேன். விரித்துக் காட்டச் சொன்னார். விரித்தேன். நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்தார்.

"நம்ம புக் இல்ல. நான் பச்சை மையில எழுதியிருப்பேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு ஸ்கேனிலும் கதை தொடங்குமுன் "கொஞ்சம் பொறு" என்று அவர் நிறுத்தியது எதற்காக என்று. நான் அட்டைப்படத்தை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பெட்டிய..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ல. பேப்பர்க்கார அண்ணாச்சி அப்பமே சொல்லிட்டாரு" என்றார். "வித்ததுல பாதி கப்பலண்டி மடிக்கப் போயிருக்கும். மிச்சம் எங்கயாவது இருக்கும். நீ அடுத்ததத் தொற."