மருத்துவச்சியின் கை

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், பால் கட்டி மார்பு கல்லாய் இறுகிப்போக, வாய் வைக்க இயலாத சிசு வீறிட்டழ, தாய்க்குக் காய்ச்சலும் கண்டு வீடே கலங்கி நிற்கும் வேளையில், நம் கிராமங்களில் ஆள் விட்டு அழைத்து வரப்பெற்றவள் மருத்துவச்சி. அவள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியால் ஒத்தடமிட்டு, இளஞ்சூடான விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தடவிக்கொண்டு, அக்குளோரத்திலிருந்து காம்பை நோக்கி அழுத்தாமல், அவசரப்படாமல் நீவி வருவாள். காம்பில் ஒரு துளி முத்தாய்த் திரண்டதும் பிள்ளையை எடுத்து மார்பில் சேர்ப்பாள்.

வடமொழியில் 'ஸ்நேகம்' என்னும் சொல் எண்ணெயையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். குழந்தையைத் தீண்டுவதாலும் காண்பதாலும், நினைப்பதாலும்கூடத் தாய்ப்பால் பெருகுகிறதென்றும், இடையறாத ஸ்நேகமே அப்பெருக்கிற்கு ஹேதுவென்றும் சுசுருத சம்ஹிதை உரைக்கிறது. மேனாட்டு விஞ்ஞானிகளான ஆட், ஸ்காட் என்னும் இருவர், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாரத்தைப் பால் தரும் ஆட்டுக்குச் செலுத்தி, மடியிலிருந்து பால் பாய்வதைக் கண்டது 1910-இல்தான். அச்சாரத்திலுள்ள ஆக்சிடோசினைச் செயற்கையாய் ஆக்கிக் காட்டிய து விக்னோ 1955-இல் நோபல் பரிசு பெற்றார். சுரந்திருக்கும் பாலை வெளியே தள்ளுவது அந்த ஆக்சிடோசின். தேங்கினால் சுரப்பு குன்றும், வெளிப்பட வெளிப்படப் பெருகும். கட்டிய பாலை இளக்கிப் பிள்ளையின் வாய்க்கு வழி செய்த அந்தக் கை, காரணத்தை அறியாதிருந்தும் காரியத்தைப் பிழையறச் செய்தது.

சென்னையில் 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அத்தகைய ஆஸ்பத்திரிகள் எத்தனையோ தாய்மாரை யமன் வாயினின்று மீட்டன என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். சுத்தம் பேணாத கைகளால் ஜன்னி கண்டு மாண்டவர்களை மறைத்து எழுதுவது தர்மமாகாது. ஆயினும், தாயின் பச்சை உடம்பைத் தொட்டுக் காத்தவளையே தீட்டுக்காரியென்று திண்ணைக்குக் கீழே நிறுத்தி, நெல்லும் பழம்புடவையும் கொடுத்தனுப்பிய நம் சமூகத்தின் நன்றிகேட்டை நினைக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. அவளுடைய வித்தையை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

பிள்ளை தங்காமற்போன வீட்டுக்கும் அவளைத்தான் அழைத்தார்கள். அங்கே அவள் எண்ணெயைத் தொடமாட்டாள். கொடுப்பாரின்றிக் கனக்கும் மார்பின்மேல் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவாள். மல்லிகை பாலை அடக்கும் என்பதை 1988-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு மெய்ப்பித்தது. பூ வாடியதும் அவிழ்த்துப் புதுச்சரம் கட்டுவாள். பால் வற்றும் வரையில் அவளுக்கு அந்த வீட்டில் வேலை இருந்தது.