ஹீலியமும் மீக்கடத்துக் காந்தமும்: எம்.ஆர்.ஐ. கருவியின் இந்திய முன்வரலாறு

எம்.ஆர்.ஐ. கருவியின் வரலாற்றை மருத்துவத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். அதன் விலையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், காந்தத்திலிருந்தும் அதனைக் குளிர்விக்கும் ஹீலியத்திலிருந்தும் தொடங்குதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1868 ஆகஸ்ட் 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைச் சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கினார். நிறமாலையில் அவர் கண்ட மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு முற்றும் பொருந்தவில்லை. அது ஹீலியத்திற்குரியது எனப் பின்னரே தெளிவாயிற்று. புவியில் அத்தனிமத்தை ராம்சே பிரித்தறிந்தது 1895இல். இன்று திண்டுக்கல் மாவட்டத்துள் அடங்கும் கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அவ்வாண்டிலேயே. இது தற்செயல், அதற்கு மேல் பொருள் கொள்ளுதல் பொருந்தாது.

லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னெசு 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911இல் ஏறத்தாழ 4.2 கெல்வினில் பாதரசம் மின்தடை இழப்பதைக் கண்டார். மீக்கடத்திச் சுருளால் வலிய காந்தம் அமைக்கலாம் என்ற அவரது நம்பிக்கை விரைவில் தகர்ந்தது. ஈயமும் வெள்ளீயமும் சிறிய காந்தப்புலத்திலேயே மீக்கடத்துதிறனை இழந்துவிட்டன. வலிய புலத்தைத் தாங்கும் நியோபியம்–டைட்டானியம் உலோகக்கலவை பயன்பாட்டிற்கு வர 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்கலவை 9 கெல்வினை ஒட்டியே மின்தடையை இழக்கும். ஆயினும் பெருமின்னோட்டமும் வலிய புலமும் ஒருங்கே நிலைக்க வேண்டுமெனில் திரவ ஹீலிய வெப்பநிலை தேவை. வழக்கமான கருவியொன்று ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருப்பதன் காரணம் இதுவே. ஹீலியத்திற்குப் பெரிதும் இறக்குமதியையே சார்ந்துள்ள இந்தியாவுக்கு இது இரட்டைச் சுமை.

இந்தியத் தாழ்வெப்பநிலை ஆய்வு 1950களில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வேரூன்றியது. அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்புகளை ஆய்ந்தவர். பிற்காலத்தில் தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், துகள் முடுக்கிக்கென வளர்த்த குளிரியல் திறனைக் கொண்டு 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தத்தை உருவாக்கும் பணியை மேற்கொண்டது. மும்பையின் சமீர் நிறுவனம் ஒருங்கிணைத்த தேசியத் திட்டத்தின் பகுதி அது. மருத்துவமனையின் தேவைக்கு அணுக்கரு இயற்பியலாளர் விடையளித்தது வியப்பன்று; சுருள் சுற்றவும் குளிர்விக்கவும் அறிந்தவர் அவர்களே. 2023இல் பெங்களூருவின் வாக்செல்கிரிட்ஸ் நிறுவனம் 1.5 டெஸ்லா கருவியை அறிமுகப்படுத்தியது.

'உள்நாட்டுக் கருவி' என்னும் சொல்லை ஆய்வாளர் பிரித்து நோக்க வேண்டும். மென்பொருள், வானொலி அலைச் சுருள், காந்தம், காந்தத்தின் கம்பி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. ஹீலியத்தைக் குறைப்பது மற்றொரு வழி. 2018இல் பிலிப்ஸ் வெளியிட்ட காந்தம் ஏழு லிட்டரைக் கலத்தினுள் மூடி வைத்தே இயங்குகிறது.