தீவகமும் பற்காப்பும்

வேரிற் சீழ் கட்டிய பல்லைக் களைவதா, காப்பதா என்னும் வினா மிகப் பழையது. பல்லடியிற் புரையோடிச் சீழ் வடியும் நோயைச் சுசுருத சங்கிதை தந்தநாடி என வகுத்து, அப்பல்லைக் களைந்து, ஊனை அறுத்துத் தூய்மை செய்து, சுடுக என விதிக்கின்றது. ஆயின், மேற்பல் அசைந்ததாயினும் அதனைப் பறித்தலாகாது என்பது அந்நூலின் விலக்கு. குருதி மிகப் பெருகிக் கண்ணிழப்பும் முகவாதமும் நேரும் என்பது அது கூறும் காரணம். வாக்படரோ பூச்சிப்பல்லின் குழியை வெல்லத்தாலேனும் மெழுகாலேனும் நிரப்பிச் சுடச் சொல்வர். காக்கும் கருத்து இங்கே அரும்புகின்றது. பயன் எத்துணையது என்பது வேறு.

மேனாட்டுச் சத்திரவைத்தியம் தமிழ் வடிவம் பெற்றது யாழ்ப்பாணத்திலே. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மாணாக்கரைப் பயிற்றியதோடு, துறூவிற்றின் சத்திரவைத்திய நூலை 'இரண வைத்தியம்' எனத் தமிழாக்குவித்து 1867இல் வெளியிட்டார். பற்களின் நோயும் அம்மூலநூலிற் பேசப்படுவது. அவ்வாண்டளவிலேயே அமெரிக்காவிற் போமன் என்பார் வேர்க்குழாயைக் கற்றாபேர்ச்சாப் பிசினால் நிரப்பலானார். கிறீன் மறைந்த 1884இல் ஃபரார் என்பார் சீழ்கொண்ட வேரை வெட்டி நீக்கிப் பல்லை நிறுத்தும் முறையை எழுதினார். 1895இற் கண்ட எக்ஸ் கதிர் வேரின் நுனியைக் கண்ணுக்குக் காட்டிற்று.

இன்றைய முறையும் அவ்வழியினதே. குழாயைத் துப்புரவாக்கி நிரப்பியும் சீழ் ஆறாதாயின், ஈறை விலக்கி, எலும்பிற் சிறு வாயில் திறந்து, வேர்நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெட்டி, அடிப்புறமிருந்து அடைப்பர். கடைவாய்ப்பல்லிற் கெட்ட வேர் ஒன்றை மட்டும் நீக்கி, எஞ்சிய வேரில் அப்பல்லை நிறுத்துதலும் உண்டு. இரண்டும் தேராவிடத்தே பல்லைப் பிடுங்கி, வெளியே வைத்து நுனியை வெட்டியடைத்து, உடனே குழியில் மீள நடுவதும் உண்டு.

இவையனைத்தும் நோயாளி மீண்டும் மீண்டும் வருவதை வேண்டுவன. படம் எடுக்க ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள், எலும்பு வளர்ந்ததோ எனப் பார்க்கத் திங்கள் சில கழித்து ஒரு நாள். ஊர்காவற்றுறையார்க்கும் வேலணையார்க்கும் பண்ணைத் தாம்போதி உண்டு. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாண நகர் சேரல்வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு ஓடாது. பிடுங்குதலுக்கோ ஒரு நாட் பயணம் போதும். நெடுந்தீவார் ஒருவர் "பிடுங்கிவிடுங்கோ ஐயா" என்பராயின், அதனை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. அவர் எண்ணிப் பார்ப்பது படகை.